கடைசி இரண்டு வரி

6 மார்ச் 2019, சாம்பல் புதன்

மாதர் சங்கத்தில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார்கள். லெந்து முழுவதும், அதாவது ஈஸ்டர் வரையுள்ள தவக்காலம் முழுவதும், அன்றன்று செய்த குற்றத்தை அன்றன்றே எழுத வேண்டுமாம். யாரும் படிக்க மாட்டார்கள். ஈஸ்டர் விடியற்காலை கோயில் முற்றத்தில் எல்லா நோட்டையும் ஒன்றாகப் போட்டு எரித்துவிடுவார்கள். எங்கள் சபைக்குப் போதகராகப் புதிதாக வந்திருக்கும் ஐயரின் சம்சாரம், ஐயரம்மா, கண்டுபிடித்த யோசனை இது.

“எழுதத் தெரியாத பாட்டிமாருங்க கோடு போட்டாக்கூடப் போதும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது.

நான் அங்கேயே பேனாவை வாங்கி முதல் பக்கத்தில் எழுதினேன்: அன்னபாக்கியம், க/பெ. ஆசீர் பொன்னையா, ஜீவபுரம். ஐயரம்மா எட்டிப் பார்த்தது. “அச்சு மாதிரில்லா இருக்கு!” என்றது. இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஐந்து வருஷமும் கையெழுத்துக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்தான் முதல் பரிசு.

இன்றைய குற்றம்: ஈஸ்டர் வரை காபி தொடுவதில்லை என்று காலையில் பொருத்தனை பண்ணினேன். பேத்தி பெனிட்டா கருப்பட்டிக் காபி போட்டாள். குடிக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று வாசனையை இழுத்தேன்.

பெருமை பேசியதையும் சேர்க்க வேண்டுமோ? நாளை யோசிக்கலாம்.

8 மார்ச், வெள்ளி

பெனிட்டா வந்து பத்து நாளாகிறது. என் இளைய மகள் கிரேஸின் மகள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். எதைப் பற்றி என்று கேட்டால் ஊரே வாயைப் பிளக்கும். அவள் தாத்தாவைப் பற்றித்தான்.

அவரை நான் சார் என்றே எழுதுகிறேன். ஊரில் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். பாளையங்கோட்டையில் பிறந்தவர். இங்கே உயர்நிலைப் பள்ளிக்கு வாத்தியாராக வந்தார், என்னைக் கட்டினார், இங்கேயே இருந்தார். பொன்னையன் என்ற பெயரில் புதுக்கவிதை எழுதினார். எதுகையும் கிடையாது, மோனையும் கிடையாது. முதலில் படித்தபோது, கடிதத்தை யாரோ மடக்கி மடக்கி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இருபது வருஷம் எல்லாவற்றையும் நான்தான் படி எடுத்துக் கொடுத்தேன். சாரின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பத்திரிகைக்காரர்களுக்குப் போன ஒவ்வொரு தாளும் என் கையெழுத்துதான்.

அவற்றில் பெரியது ‘தேரி’. ஊருக்குத் தெற்கே கிடக்கிற செம்மணல் காட்டைப் பற்றியது. ஆடிக்காற்று அடித்தால் நேற்று இருந்த குன்று இன்று இருக்காது. பெனிட்டாவின் ஆராய்ச்சி முழுக்க அதைச் சுற்றித்தான். காலம், விசுவாசம், புதுப்பிறப்பு என்று தலைப்பு. ஏப்ரல் முப்பதுக்குள் கொடுத்தாக வேண்டுமாம்.

அதன் முடிவை ஊரில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
மணல் அசைந்தது, காற்றால்.
உன்னையும் கூப்பிட்டேன்.
அதுவும் காற்றுதான்.

தோண்டு.
ஈரம் இருக்கும்.

கடைசி இரண்டு வரியைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். போர்வெல் வண்டியின் பின்னால் எழுதியிருக்கிறார்கள். போன வருஷம் சபை நாள்காட்டியில் ஜனவரி மாதத்துக்கு அதுதான்.

“பாட்டி, உண்மையச் சொல்லட்டா? மேல உள்ள முப்பது பக்கமும் ஒரு தட்டு, இந்த ரெண்டு வரி ஒரு தட்டு. தாத்தா அங்கதான் கவிஞரு” என்றாள் பெனிட்டா.

“சும்மா இருட்டி. முப்பது பக்கமும் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளுக்கு இன்னொரு முட்டை பொரித்தேன்.

10 மார்ச், ஞாயிறு

குற்றம் ஒன்றுமில்லை. பிரசங்கத்தில் தூங்கினேன். அது ஐயரின் குற்றம்.

13 மார்ச், புதன்

புளி கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, பானையில் அமுக்கினேன். பெனிட்டாவும் கூட உட்கார்ந்தாள். கை புளியில் இருக்க, வாய் கேள்வியில் இருந்தது.

“பாட்டி, தாத்தா கைப்பட எழுதின தாளு ஒண்ணுகூட இல்லியா? நீங்க படி எடுத்தது மதுரையில துடுப்பு பத்திரிகை ஆசிரியர் வீட்டுல இருந்துச்சு, நான் போய்ப் பாத்துட்டேன். அதுக்கு முந்தினது?”

“கரையான் தின்னுட்டு.”

“எல்லாத்தையுமா?”

“கரையானுக்கு இது வேண்டாம், அது வேணும்னு தெரியுமாக்கும்?”

அவள் முகம் வாடிவிட்டது. “கடைசிப் பக்கமாவது கெடச்சிருந்தா போதும். அந்த ரெண்டு வரி முதல்லயே இருந்துச்சா, பொறவு சேத்தாரான்னு தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

எனக்குப் புளி கையில் இருந்த கீறலில் பட்டு எரிந்தது.

குற்றம்: கரையான்.

19 மார்ச், செவ்வாய்

இந்தப் பெண் யாருக்குப் பிறந்ததோ, எதையும் விட மாட்டேன் என்கிறாள். இன்று துணி உலர்த்தும்போது கேட்டாள்.

“பாட்டி, தாத்தா டவுன்காரரு. குழாயத் தெறந்து தண்ணி புடிச்ச ஆளு. தேரி மணலைத் தோண்டினா ஈரம் வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்? கவிதையில வேற எங்கயும் அவரு மணலைத் தொடவே இல்ல. தூர நின்னு பாக்காரு, அவ்வளவுதான்.”

நான் சேலையை உதறிக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே உதறிய சேலை.

“நான்தான் கூட்டிட்டுப் போனேன்” என்றேன்.

“எங்க?”

“எங்க அம்மா வீட்டுப் பக்கம். தேரி ஓரத்துல பள்ளமா ஒரு எடம் உண்டு. நாங்க சின்னதுல அங்கதான் ஊத்துத் தோண்டித் தண்ணி மொள்ளுவோம். தேங்காச் செரட்டையால மேல கெடக்க சுடுமணலை ஒதுக்கணும். முழங்கை ஆழம் போனா நெறம் மாறும். செவப்பு கறுத்து வரும். அதுல கைய வெச்சிட்டுக் கொஞ்சம் பொறுக்கணும். மொதல்ல குளிரும். பொறவு நனையும். பொறவுதான் கண்ணுக்குத் தண்ணி தெரியும்.”

பெனிட்டா துணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். “தாத்தா என்ன செஞ்சாரு?”

“சிரிச்சாரு. கைய எடுக்கவே மாட்டேன்னாரு. கன்னத்துல எல்லாம் ஈர மண்ண அப்பிக்கிட்டாரு.”

“தாத்தாவா! போட்டோவுல பாத்தா சிரிக்கவே தெரியாத ஆளு மாதிரில்லா இருக்காரு?”

“அன்னைக்குச் சிரிச்சாரு” என்றேன்.

அவள் ஓடிப்போய்க் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட்டேன்.

நான் சொன்னதில் ஊற்று நிஜம். சிரிப்பு நிஜம். குற்றம் என்று எழுதுவதா வேண்டாமா?

27 மார்ச், புதன்

பெனிட்டா ஒரு இயல் முழுக்க எழுதிவிட்டாள். அறுபது பக்கம். சாயங்காலம் வாசித்துக் காட்டினாள். பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தது இவ்வளவு: மூத்த மகள் செத்த துக்கத்தில் கவிஞர் விசுவாசத்தை விட்டார். பன்னிரண்டு வருஷம் கோயிலுக்குப் போகவில்லை. காலம் எல்லாவற்றையும் மணல் போல மூடிவிடுகிறது என்று எழுதினார். ஆனால் படிக்காத மனைவி ஒருநாள் தேரிக்குக் கூட்டிப்போய் ஊற்றுத் தோண்டிக் காட்டினாள். அந்த ஈரம் அவர் மனசில் கிடந்து, சாகும் தருவாயில் இரண்டு வரியாக வெளியே வந்தது. அவர் திரும்பி வந்துவிட்டார்.

“‘படிக்காத’ங்கிறத எடு. அஞ்சாம் வகுப்புன்னு போடு” என்றேன்.

“அது கெடக்கட்டும். நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு.”

நன்றாகத்தான் இருந்தது. அப்படி நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

காபி குடித்தேன். இரண்டு தம்ளர்.

6 ஏப்ரல், சனி

எப்படியும் எரியப்போகிற நோட்டுதானே.

கரையான் ஒன்றும் தின்னவில்லை. மற்றத் தாள்களை நானே வெந்நீர் அடுப்பில் வைத்தேன், 1983 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். கடைசித் தாளை மட்டும் வைக்கக் கை வரவில்லை. அது என் பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்கும் அதன் மேல் போட்ட காக்கித் தாளுக்கும் நடுவில் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாடுகிறேன்.

அந்தத் தாளில் ‘அதுவும் காற்றுதான்’ என்பதற்குக் கீழே சாரின் கையெழுத்தில் ஒன்றும் இல்லை.

10 ஏப்ரல், புதன்

காலையில் மீன்காரி சாளை கொண்டுவந்தாள். லெந்து முடியட்டும் என்று அனுப்பிவிட்டு, அவள் தெருமுனை தாண்டுவதற்குள் கூப்பிட்டு பெனிட்டாவுக்கு மட்டும் கால் கிலோ வாங்கினேன்.

எழுத உட்கார்ந்துவிட்டு மீனைப் பற்றி எழுதுகிறேன்.

1983 அக்டோபர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. காமாலை முற்றிச் சார் விடியும்போது போய்விட்டார். ‘தேரி’யை நல்லபடியாகப் படி எடுத்துத் துடுப்புக்கு அனுப்பு என்று ஒரு வாரம் முன்னால் கொடுத்திருந்தார். கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி.

எட்டு மணிக்கு அப்போதைய ஐயர் வந்தார். நல்ல மனுஷர். திண்டாடித்தான் சொன்னார். “சாருக்குத் திருவிருந்துப் பட்டியல்ல பேரில்லம்மா. பன்னெண்டு வருஷமாச்சு. கமிட்டியில தோட்டத்துக்குள்ள வைக்கக் கூடாதுங்கிறாங்க. வேலிக்கு வெளியில ஓரமா ஒரு எடம் இருக்கு. நான் வந்து ஜெபம் பண்ணுதேன்.”

தோட்டம் என்றால் எங்கள் கல்லறைத் தோட்டம். அங்கே வேப்பமரத்தடியில் எமிலி இருக்கிறாள். என் மூத்த மகள். 1971 ஆடி மாதம் மூளைக்காய்ச்சலில் நான்கு நாள். நான்கு வயசுக்கு நான்கு நாள். அன்றைக்குத்தான் சார் கோயில் படி இறங்கினார், பிறகு ஏறவில்லை. நான் ஏறினேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அப்பாவை வேலிக்கு வெளியிலும் பிள்ளையை உள்ளேயும் வைத்துவிட்டு நான் எந்தப் பக்கம் நிற்பேன்?

“ஐயரே, சார் கடைசியா எழுதினது இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன். உள்ளே போனேன். கூடத்தில் சார் கிடந்தார். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படி எடுத்தேன். நான்கு வரி அவர் எழுதியது. ஒரு வரி இடம் விட்டேன். பேனா நிற்கவில்லை.

ஐயர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “திரும்பிட்டாரேம்மா” என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் எமிலிக்குப் பக்கத்தில் வைத்தோம். அடக்கத்துக்கு வந்த துடுப்பு ஆசிரியர் எல்லாத் தாளையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறிவிட்டார். ஐயருக்குக் காட்டத்தான் எழுதினேன். அச்சில் வரும் என்று நினைக்கவில்லை.

நினைக்கவில்லை என்று எழுதிவிட்டேன். அவர் பையில் வைக்கும்போது கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன்.

14 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பெனிட்டாவின் பேராசிரியர் போனில் அவளோடு அரை மணி நேரம் பேசினார். புது இயல்தான் ஆராய்ச்சியிலேயே சிறந்ததாம். கவிஞர் விசுவாசத்துக்குத் திரும்பியதை இவ்வளவு ஆதாரத்தோடு இதுவரை யாரும் காட்டியதில்லையாம். அவள் என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். ஓலைச் சிலுவை என் கொண்டையில் குத்தியது.

“எல்லாம் ஒங்களாலதான் பாட்டி!”

ஆமாம்.

16 ஏப்ரல், செவ்வாய்

பெரிய வாரத்தில் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். ஈஸ்டர் காலையில் எல்லாரும் பூவோடு போவார்கள், அதற்குள் பளிச்சென்று இருக்க வேண்டும். நானும் பெனிட்டாவும் சுண்ணாம்பு வாளியோடு போனோம். கோயில்பிள்ளை யேசுவடியான் வெள்ளையடிக்கிற மட்டை கொண்டுவந்தான். மணி அடிப்பது, கூட்டுவது, குழி வெட்டுவது எல்லாம் அவன்தான், முப்பத்தாறு வருஷமாக.

சாரின் கல்லறைக்கு அடித்துக்கொண்டே பெனிட்டாவிடம் கதையை அவிழ்த்தான். “பாப்பா, நான் வேலைக்குச் சேந்த புதுசு. ஒங்க தாத்தாவுக்குத்தான் ஒரே நாள்ல ரெண்டு குழி வெட்டினேன். சம்பளம் ஒரு குழிக்குத்தான் கொடுத்தாவ!”

“ரெண்டு குழியா?”

“காலம்பற வேலிக்கு வெளியில வெட்டுன்னாவ. இடுப்பளவு வெட்டிட்டேன். பத்து மணிக்கு ஐயரே ஓடி வாராவ. மூடுலே, உள்ள வெட்டுலே, சார் மனந்திரும்பி எழுதி வெச்சிட்டுல்லா போயிருக்காருன்னு. கண்ணெல்லாம் தண்ணி. நான் வேற என்ன செய்ய? மூடிட்டு உள்ள வந்து வெட்டினேன்.”

பெனிட்டா மட்டையைக் கீழே வைத்தாள். யேசுவடியான் அடுத்த வரிசைக்குப் போகட்டும் என்று பார்த்திருந்தாள். பிறகு கேட்டாள்.

“ஐயருக்கு அந்தப் பக்கத்தக் காட்டினது யாரு பாட்டி?”

“நான்தான்.”

“தாத்தா எழுதினதையா, நீங்க படி எடுத்ததையா?”

சுண்ணாம்பு வாளியில் குச்சியை விட்டுக் கலக்கினேன்.

“படி எடுத்தத. சார் எழுத்து ஐயருக்குப் புரியாது.”

“எப்ப படி எடுத்தீங்க?”

“வெயில் ஏறுது. முதல்ல அடிச்சு முடி.”

வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். சாப்பிடும்போது, “பாட்டி, நான் அவசரப்பட்டு எதையாவது தப்பா எழுதிட்டேன்னா இப்பவே சொல்லிருங்க. கொடுத்த பொறவு தெரிஞ்சா என் பேரு போயிரும்” என்றாள்.

“ரசம் ஊத்தட்டா?” என்றேன்.

18 ஏப்ரல், பெரிய வியாழன்

காலையில் ஓட்டுப் போட்டேன். விரலில் மை. சாயங்காலம் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போனார்கள். நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

19 ஏப்ரல், பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. மின்விசிறி ஓடவில்லை. சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைக்கும் ஏழு பேர் பிரசங்கம். நான்காவது வார்த்தைக்கு ஐயரம்மாவே எழுந்தது.

என்னைக் கைவிட்டுவிட்டீரே, ஏன் என்று அவர் கேட்டாரே, அந்த வார்த்தை. ஐயரம்மா என்ன பேசியதோ, என் காதில் விழவில்லை. எழுபத்தாறு வயசுக்குள் எத்தனை பெரிய வெள்ளி கேட்டுவிட்டேன். இன்றைக்குத்தான் ஒன்று தோன்றியது. அந்தக் கேள்விக்குக் கீழே யாரும் இரண்டு வரி சேர்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? எழுதினவர்களுக்குக் கை துடித்திருக்காதா? இப்படி முடிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆனாலும் அவர் கத்தினதைக் கத்தினபடியே எழுதி வைத்தார்கள்.

சாரும் கத்தினார். நான் அவர் வாயைப் பொத்தி, என் வாயால் பேசிவிட்டேன். வேப்பமரத்தடியில் இடம் வாங்கினேன், சரி. அதோடு விட்டேனா? வருஷக்கணக்காக யாராவது அந்த இரண்டு வரியைச் சொல்லும்போதெல்லாம் சேலையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பெயரில் எனக்குக் கிடைத்த பரிசு அது. பயந்து செய்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். சந்தோஷப்பட்டதை?

எழுதிவிட்டேன். நோட்டு ஒன்றும் தீப்பிடிக்கவில்லை.

21 ஏப்ரல், ஈஸ்டர்

நேற்றைய கதையை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. நேற்று நோட்டு என்னிடம் இல்லை.

நேற்று மத்தியானம் பாட்டுப் புத்தகத்தின் காக்கி அட்டையைக் கத்தரியால் வெட்டினேன். தாளை எடுத்து பெனிட்டாவிடம் கொடுத்தேன். ஓரம் பழுத்திருந்தது, மடிப்பில் கிழிந்திருந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

“தாத்தா எழுத்து!”

“ஆமா.”

படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை.

“கடைசி ரெண்டு வரி எங்க பாட்டி?”

“எங்கிட்ட இருந்துச்சு” என்றேன். சொல்ல இவ்வளவுதான் இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். பிறகு இந்த நோட்டையும் கொடுத்தேன். “இதையும் படி. நாளைக்கு எரிக்கணும்.”

பின்வாசலில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து படித்தாள். நான் அரிசி களைந்தேன். மறுபடியும் களைந்தேன். வெகுநேரம் கழித்து உள்ளே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“அப்போ ஊத்துக் கதையும் பொய்யா?”

“கத நெசம். ஆளுதான் வேற.”

“யாரு?”

“எமிலி. அதுக்கு நாலு வயசு முடிஞ்ச மாசம் எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். செரட்டையால ரெண்டு பேரும் தோண்டினோம். எனக்கு முதுகு வலிச்சு, போதும் வா, தண்ணி வத்திப்போச்சுன்னேன். அதுதான் சொல்லிச்சு. தோண்டும்மா, ஈரம் இருக்கும்னு.”

எமிலி பேசியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாரிடமும் சொல்லவில்லை. அவர் அழுத அழுகையில் என் பங்குக்கு இடமில்லாமல் இருந்தது.

பெனிட்டா சுவரில் சாய்ந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். “அறுபது பக்கம் பாட்டி! கையில பத்து நாளுதான் இருக்கு. நான் ஒங்ககிட்ட எத்தன தடவ கேட்டேன்? புளி எடுக்கயில கேட்டேன், துணி காயப் போடயில கேட்டேன். ஒங்க பேத்திங்கதுனாலதான் நீங்க சொன்னத ஒரு கேள்வி கேக்காம எழுதினேன்!” என்று சத்தம் போட்டாள். நோட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

இன்று விடியற்காலை ஆராதனைக்குத் தனியாகத்தான் போனேன். முற்றத்தில் தீ மூட்டியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக நோட்டைப் போட்டுவிட்டு முகம் தெளிந்து திரும்பினார்கள். என் முறை வந்தது.

“பாட்டி, ஒங்க நோட்டு?” என்றது ஐயரம்மா.

“பேத்தி படிச்சிட்டிருக்கா.”

“ஐயையோ! யாரும் படிக்கக் கூடாதுன்னுல்லா சொன்னேன்!”

“படிக்க வேண்டியவதான் படிக்கா. நீ தீயப் பாரு, சேலையில பறக்குது” என்றேன்.

பிறகு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வேப்பமரத்தடியில் அரளிப்பூவை வைத்தேன், சின்னக் கல்லறைக்கு ஒரு பிடி, பெரிய கல்லறைக்கு ஒரு பிடி. வேலிக்கு அந்தப் பக்கம் மூடிய குழி எங்கே இருந்திருக்கும் என்று பார்த்தேன். ஆவாரம் முளைத்துக் கிடந்தது. ஒரு அடையாளமும் இல்லை.

பெனிட்டா தலை சீவாமல், நோட்டையும் தாளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் கல்லறையைப் பார்த்துப் பேசினாள்.

“ராத்திரியே கைடுக்குப் போன் பண்ணிட்டேன். அந்த இயல வாபஸ் வாங்கிட்டேன். ஆறு மாசம் கூடக் கேட்டிருக்கேன். தாத்தா எங்க நிறுத்தினாரோ அங்கதான் கவிதை முடியும். அப்படித்தான் எழுதப் போறேன். ஒங்க ரெண்டு வரி அடிக்குறிப்புல வரும், ஒங்க பேரோட.”

“அடிக்குறிப்புலயா?” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் போகவில்லை, ஆனால் உதட்டோரம் ஒருமாதிரி இழுத்தது. “பின்ன? அட்டையில போடணுமா?”

நான் உதிர்ந்த பூவைப் பொறுக்கிச் சின்னக் கல்லறையில் வைத்தேன்.

“இத ஒரு தடவையாவது யாராவது வாய்விட்டுப் படிச்சிருக்காங்களா?” என்றாள். இல்லை என்றேன். சாரும் படித்ததில்லை, எழுதினதோடு சரி. அவள் தாளைப் பிரித்து அங்கேயே நின்று படித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மணல் அசைந்தது. உன்னையும் கூப்பிட்டது. அதுவும் காற்றுதான் என்றது. அதோடு நிறுத்தினாள்.

நிறுத்தின இடத்தில் எனக்குக் கால் நழுவியது போல இருந்தது. அடுத்து இரண்டு வரி வரும் என்று முப்பத்தைந்து வருஷம் பழகிய காது. வரவில்லை. வேப்பிலை சத்தம்தான் கேட்டது.

“நேத்து பூரா இதையே பாத்துட்டிருந்தேன்” என்றாள் பெனிட்டா. “ஐயர் இதப் பாத்தா அவிசுவாசம்னுதான் சொல்லியிருப்பாரு. நீங்களும் அப்படித்தான நெனச்சீங்க? ஆனா, மகளக் கூப்பிட்ட வாயால ஆண்டவரையும் கூப்பிட்டிருக்காரே பாட்டி. பன்னெண்டு வருஷம் கோயில்ல கால வைக்காத மனுஷன், சாகக் கெடக்கையில கூப்பிட்டுப் பாத்திருக்காரு. பதிலு வரல்லங்காரு. கூப்பிடல்லன்னு சொல்லலயே. இல்லாத ஆள யாரு கூப்பிடுவா?”

நான் எமிலியின் கல்லறையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தேன். உலர்ந்த சுண்ணாம்பு கையில் ஒட்டியது.

அப்படியென்றால் அவருக்கு நான் எதையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஐயருக்குத் தேவைப்பட்டது. கமிட்டிக்குத் தேவைப்பட்டது. சாருக்குத் தேவைப்படவில்லை. இருபது வருஷம் அவர் எழுத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் படி எடுத்தவள் நான். ஒரு எழுத்து விட்டதில்லை. ஒரு தடவை நின்று படித்ததுமில்லை.

“நீ மன்னிச்சிட்டியாட்டி?” என்று கேட்டேன்.

“ஆறு மாசம் போகட்டும், சொல்லுதேன்” என்றாள். ஆனால் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

22 ஏப்ரல், திங்கள்

லெந்து முடிந்துவிட்டது. நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.

சாரின் தாள் தொட்டால் உதிர்கிறது. ஆராய்ச்சியின் பின்னிணைப்பில் சேர்க்க ஒரு நல்ல படி வேண்டும் என்றாள் பெனிட்டா. கணினியில் அடிக்கலாமே என்றேன். “வேண்டாம். நீங்களே எழுதுங்க. அவரு ஒங்ககிட்டதான கொடுத்தாரு” என்றாள்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். கோடு இன்னும் வளையவில்லை. முதல் வரி எழுதினேன், படித்தேன். இரண்டாவது எழுதினேன், படித்தேன். பெனிட்டா எதிரில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்ப்பதுபோலத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘அதுவும் காற்றுதான்’ எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

பேனா அங்கேயே நின்றது. கீழே அரைப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. என் கைக்கு அந்த இடம் தெரியும். ஒரு வரி விட்டு, இடப்பக்கம், ‘தோ’வுக்குக் கொம்பு போடுகிற இடம். விரல் தானாகவே கொஞ்சம் கீழே இறங்கியது.

பேனாவை மூடினேன்.

“முடிஞ்சிட்டா பாட்டி?”

“முடிஞ்சிட்டு” என்று சொல்லி, காபி போட எழுந்தேன்.